ஐந்து சுரம் கீழே

வெள்ளவத்தை
09.11.2024

அன்புள்ள ரேச்சல் அக்கா,

போன் எடுக்கிறியள் இல்லை. மெசேஜ் பாக்கிறியள் இல்லை. அதாலைதான் பெட்டிக்குள்ளை கடிதம் வைக்கிறன். பெட்டியைத் திறந்தால் இதையும் திறக்கத்தானே வேணும்.

உள்ளுக்கை இருக்கிறது கோர் ஆங்லே, ஓபோவிலும் நீளமான, கீழ்ச்சுருதிக் குழல். இசைக்குழுவின்ரைதான். இவ்வளவு காலமும் உங்களுக்குப் பக்கத்திலை இருந்து நான் வாசிச்ச அதே சாமான். எங்கடை இசைக்குழுவை நடத்திற சேரிட்டைக் கேட்டு, கையெழுத்து வைச்சு எடுத்தனான். ஒளிச்சுக் கொண்டு வரேல்லை. வாயிலை வைச்சு ஊதிற றீட் மூண்டு, கழுத்துப் பட்டி ஒண்டு, துடைக்கிற சீலை ஒண்டு.

முகவாதம் இப்ப எப்பிடி? இடது பக்கம் இன்னும் இழுபட்டபடிதான் இருக்கெண்டு உங்கடை அம்மா சொன்னவ. ஓபோவுக்கு உதட்டை இறுக்கிப் பிடிக்கவேணும், அது உங்களுக்கு இப்ப ஏலாது. இதின்ரை றீட் பெரிசு. கொஞ்சம் தளர்வாப் பிடிச்சாலும் பேசும். விரல் எல்லாம் ஓபோ விரல்தான். முகம் சரிவரும் வரைக்கும் கை மறக்காமல் இருக்கும்.

இன்னொண்டு. வேறை ஆரும் சொல்லி நீங்கள் அறியக்கூடாது. மே மாதக் கச்சேரிக்கு முதல் ஓபோ நான். சேர் போன மாதம் முடிவெடுத்தவர். உங்கடை கதிரை ஏசிக்கு நேர கீழை. ஆறு வருசமா ஒருநாளும் சொல்லேல்லையே! பிடரி விறைச்சுப்போச்சு.

ரெண்டாவது கதிரை இப்ப வெறுமையா இருக்கு.

அன்புடன்
நிஷானி


மானிப்பாய்
17.11.2024

நிஷானி,

பெட்டி வந்தது. பஸ்காரர் சந்தியில் இறக்கினார். அம்மா குடையோடு போய்த் தூக்கி வந்தா.

திறக்கவில்லை என்று எழுத நினைத்தேன். ஆனால் உன் கடிதத்துக்குப் பதில் எழுதுகிறேன். ஆகவே திறந்திருக்கிறேன்.

என் கதிரையில் நீ இருக்கிறாய். உன் கதிரையை எனக்கு அனுப்பியிருக்கிறாய்.

"கை மறக்காமல் இருக்கும்." இவ்வளவு காலமும் நான் கையால் வாசித்தேன் என்றா நினைத்தாய்?

தேத்தண்ணீர் குடித்தால் இடது பக்கத்தால் ஒழுகுகிறது. கண் மூடுவதில்லை, படுக்கும்போது பிளாஸ்டர் ஒட்டி மூடுகிறேன். சிரித்தால் பாதிதான் சிரிக்கிறேன். போனை எடுக்காததற்குக் காரணம் அதுதான். செப்ரெம்பரில் நீ வந்து பார்த்தது போதும், வீடியோவில் திரும்பவும் உனக்கு என் முகம் தெரியக்கூடாது. என் கையெழுத்து தெரியலாம்.

ஓபோவை ஒருநாள் எடுத்தேன். சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போகிற சத்தம் வந்தது. சுரம் வரவில்லை. வைத்துவிட்டேன்.

திரும்ப வரும் என்றுதான் டொக்டர் சொன்னார். மூன்று மாதம், கூடினால் ஆறு மாதம். சேருக்கும் அதையே எழுதினேன். அவர் காத்திருக்கவில்லை. இசைக்குழுவுக்குக் கச்சேரி இருக்கிறது, ஒரு முகத்துக்காக நிற்க ஏலாது. அதில் உன் பிழை ஒன்றும் இல்லை.

பெட்டியை அடுத்த கிழமை திருப்பி அனுப்புகிறேன்.

ரேச்சல்


வெள்ளவத்தை
25.11.2024

ரேச்சல் அக்கா,

அனுப்பாதையுங்கோ. புயல் வருதாம். ஈரம் பட்டால் மரம் வெடிச்சிடும், பிறகு ரெண்டு பேரும்தான் பதில் சொல்லவேணும்.

கோபிச்சுக்கொண்டு எழுதினதுக்குப் பதில் எனக்கும் எழுதத் தெரியும். ரெண்டாவது கதிரையை நீங்கள் ஏதோ பழசெண்டு கழிச்ச சட்டை மாதிரி எழுதியிருக்கிறியள். நான் அதிலை ஆறு வருசம் இருந்தனான். நூற்றிப் பன்னிரண்டு பார் தாளம் சும்மா இருந்து எண்ணவேணும். உள்ளுக்குள்ளை, விரலாலை, கால் பெருவிரலாலை எண்ணவேணும். எண்ணி முடிய எட்டுப் பார் வாசிக்கவேணும். அந்த எட்டுக்கும் ஆக்கள் அழுவினம். கடைசியிலை சேர் உங்களை எழுப்பிக் கைதட்டு வாங்கித் தருவார். நான் குழலுக்குள்ளை நிண்ட தண்ணியைத் தட்டிக்கொண்டிருப்பன்.

அப்ப நான் உங்களுக்கு ஏதும் எழுதினனானோ?

ஒண்டு மட்டும் சொல்லுறன், பழகிறதும் விடுறதும் உங்கடை விருப்பம். உதைப் பெரிய ஓபோ எண்டு நினைச்சு ஊதாதையுங்கோ. நான் முதல் ஆறு மாதம் அப்பிடித்தான் ஊதினனான். ஆடு கத்தினது.

நிஷானி


மானிப்பாய்
14.12.2024

நிஷானி,

மழை விட்டது. வளவில் இன்னும் கணுக்கால் தண்ணீர். ஒன்பது நாள் வெளியே போக வழியில்லை. வீட்டில் இருந்தவை நான், அம்மா, பெட்டி.

ஆடு கத்தியது. நீ சொன்னபடிதான்.

பிறகு எழுதிவைத்த குறிப்புகள் இவை. கடிதமாக எழுத வரவில்லை.

பாரம். வலது பெருவிரல் நோகிறது. கழுத்துப் பட்டியைப் போட்டேன். "மாடு கட்டினமாதிரி இருக்கு" என்றா அம்மா.

அடியில் கத்தரிக்காய் போல ஒரு குமிழ். ஓபோவில் சத்தம் நேரே வெளியே போகும், சொல்லிவிட்டுப் போகிறவரைப் போல. இதில் அந்தக் குமிழுக்குள் ஒருமுறை சுற்றி யோசித்துவிட்டு வருகிறது.

றீட்டுக்குத் தக்கை இல்லை. ஒரு வளைந்த உலோகக் குழாயில் நேரே செருகுகிறது. அதனால் வாய்க்கும் வாத்தியத்துக்கும் இடையில் ஒரு முழங்கை இருக்கிறது. ஓபோ என் பல்லிலிருந்து தொடங்கும். இது கொஞ்சம் தள்ளித் தொடங்குகிறது.

விரல் ஸி வைக்கிறது. வெளியே எஃப் வருகிறது. எப்போதும் ஐந்து சுரம் கீழே. நீ வாசிக்கும்போது இதை நான் கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன். கணக்கு இல்லை. என் கை பொய் சொல்கிறது, காது அதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறது. இரண்டாம் நாள் தலைசுற்றிப் படுத்துவிட்டேன்.

மூச்சு. இதுதான் பெரிய வித்தியாசம். ஓபோவில் மூச்சு மிஞ்சும். அந்த ஊசித் துளைக்குள்ளால் கொஞ்சம்தான் போகும். மிச்சம் உள்ளே நின்று பழசாகும். புதிசு எடுக்க முதல் பழசை வெளியே விடவேண்டும். வாசித்த காலம் முழுக்க, நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டு மூச்சு முட்டியவள் நான். இதில் காற்று தீர்கிறது. உண்மையாகவே தீர்கிறது. வெறும் நெஞ்சோடு முடித்துவிட்டு, பசித்தவள் மாதிரி அடுத்த மூச்சை எடுக்கிறேன்.

இடது பக்கத்தால் இன்னும் சீறுகிறது. ஆனால் சுரமும் வருகிறது. இரண்டும் சேர்ந்து.

பக்கத்து வீட்டுக் கேதீஸ்வரி மாமி மதிலுக்கு மேலால் தலையை நீட்டினா. முந்தி ஓபோ பழகும்போது "ஆருக்குப் பிள்ளை கலியாணம்?" என்று பகிடி விடுகிறவ. இந்த முறை வெகுநேரம் நின்றுவிட்டுச் சொன்னா:

"முந்தி ஊதினது கலியாணவீடு. இது செத்தவீட்டுக்குப் போட்டு வந்து, முழுகிப்போட்டு, தேத்தண்ணி குடிக்கிறமாதிரி."

உனக்கு விளங்கும் என்று எழுதுகிறேன். கோபம் போகவில்லை.

ரேச்சல்


வெள்ளவத்தை
02.01.2025

ரேச்சல் அக்கா,

புதுவருட வாழ்த்துகள். அம்மாவுக்கும் சொல்லுங்கோ.

இந்த முறை நீங்கள் பெட்டியைத் திருப்பி அனுப்புறன் எண்டு எழுதேல்லை. ரெண்டு தரம் வாசிச்சுப் பாத்தனான், இல்லை. கேதீஸ்வரி மாமி சொன்னதை நான் வாத்தியப் பெட்டி மூடியிலை ஒட்டி வைச்சிருக்கிறன். ஆறு வருசமா எனக்குச் சொல்ல வராமல் கிடந்தது.

இஞ்சை நான் சுகமில்லை. காய்ச்சல், வருத்தம் ஒண்டும் இல்லை, சுகமில்லை, அவ்வளவுதான். ஒத்திகை தொடங்க முன்னம், எல்லாரும் சுருதி சேக்கிறதுக்கு முதல் ஓபோதானே ஏ சுரம் குடுக்கவேணும். ஐம்பது பேரும் வாயை மூடிக்கொண்டு என்னைப் பாக்கினம். என்ரை ஏ ஏறி இறங்குது. போன கிழமை வயலின்காரர் ஒருத்தர் சிரிச்சுக்கொண்டு கேட்டார், "இதிலை எந்த ஏயைப் பிடிக்கிறது?" எண்டு. எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான்.

கோர் ஆங்லேயிலை பிழை விட்டால் அது துக்கம் எண்டு ஆக்கள் நினைப்பினம். ஓபோவிலை பிழை விட்டால் பிழைதான். ஒளிக்க இடமில்லை. நீங்கள் அவ்வளவு காலமும் உதுக்குள்ளை எப்பிடி இருந்தனீங்கள்?

நீங்கள் சொன்ன மிஞ்சிற மூச்சு எனக்கு இப்ப விளங்குது. ரெண்டு பக்கம் வாசிக்க முகம் சிவந்துபோகுது.

ஒருநாளைக்கு உங்களோடை நேரை இருந்து ஒரு விசயம் கதைக்கவேணும். கடிதத்திலை வராது.

நிஷானி


மானிப்பாய்
17.02.2025

நிஷானி,

நேற்று எங்கள் கோயிலில் அறுவடைத் திருநாள். மகள் வாசிப்பாள் என்று அம்மா போன கிழமையே போதகரிடம் சொல்லியிருக்கிறா. என்னிடம் சொன்னது நேற்றுக் காலை, தோசை திருப்பும்போது.

ஒத்திகை இல்லை. கீபோர்ட் வாசிக்கிற கிருபைரட்ணம் அண்ணைக்கு ஒத்திகை என்றால் அவமரியாதை. "முப்பத்தைஞ்சு வருசமா வாசிக்கிறன் பிள்ளை. நீர் தொடங்கும், நான் வந்து பிடிப்பன்."

பாட்டுப் புத்தகத்தை எனக்கு முன்னால் வைத்தார்கள். தொடங்கினேன்.

என்ன பிழை என்று உனக்கு இப்போதே தெரிந்திருக்கும். அந்தப் புத்தகம் பாடுகிறவர்களுக்கும் கீபோர்டுக்கும் எழுதியது. கோர் ஆங்லேக்கு அதை மாற்றி வாசிக்கவேண்டும். வீட்டில் புத்தகம் இல்லாமல் காதால் வாசித்தபோது தானாக மாறியது. அங்கே தாளில் சுரத்தைக் கண்டதும் கை பழைய வீட்டுக்குப் போய்விட்டது. ஓபோவுக்கு வாசிப்பதுபோல உள்ளதை உள்ளபடி வாசித்தேன்.

கீபோர்ட் மேலே. நான் ஐந்து சுரம் கீழே. சபை நடுவில், யாரைப் பிடிப்பது என்று தெரியாமல். காணிக்கையாகக் கட்டிவைத்திருந்த சேவல் கூவியது.

நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை. நிறுத்தினால் முகத்தால்தான் என்று நினைப்பார்கள்.

கிருபைரட்ணம் அண்ணையின் கீபோர்டில் சுருதி இறக்குகிற பொத்தான் இருக்கிறது. பாட்டு நடக்க நடக்க அதைத் தட்டத் தொடங்கினார். ஒரு தட்டுக்கு அரைச்சுரம். என்னைப் பார்க்கிறார், ஒன்று தட்டுகிறார், தலையை ஆட்டுகிறார், இன்னொன்று. ஏழு தட்டு. அவரோடு சபையும் படி படியாக இறங்கியது. இரண்டாவது சரணம் முடியும்போது எல்லோரும் என்னிடம் வந்து சேர்ந்துவிட்டார்கள்.

மூன்றாவது சரணத்தில் பெண்கள் பக்கம் சத்தம் இல்லை. ஆண்கள் பக்கம் முழுக்கப் பாடியது. அந்தக் கோயிலில் அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை. தரை அதிர்ந்தது. நான் அவர்களுக்கு மேலே இல்லை, முன்னால் இல்லை. அவர்களுக்குள் இருந்தேன். ஓபோவில் எனக்கு இது ஒருநாளும் நடந்ததில்லை.

ஆராதனை முடிந்து வெளியே பூசணிக்காய் ஏலம் நடக்கும்போது, பின்வாங்கில் இருக்கிற ஒரு ஐயா கிட்ட வந்தார். "பிள்ளை, உந்தப் பாட்டுக்கு நான் அறுபது வருசமா வாயைத்தான் அசைச்சனான். இண்டைக்குத்தான் எட்டினது."

"எனக்கு எட்டேல்லை" என்றா அம்மா.

கிருபைரட்ணம் அண்ணை கீபோர்டை உறையில் போட்டார். போகும்போது சொன்னார், "அடுத்த முறை ஒத்திகை வைப்பம்."

இனி மற்றது. இன்று காலை முகம் கழுவும்போது வாய்க்குள் தண்ணீர் நின்றது. ஒழுகவில்லை. ஓபோவை எடுத்தேன். பத்து நிமிடம் வாசித்தேன். எல்லாச் சுரமும் வந்தது. மெல்லிசாக, ஆனால் வந்தது. டொக்டர் சொன்ன ஆறாம் மாதம் இது.

மே மாதத்துக்கு வந்துவிடுவேன். முதல் கதிரையைப் பற்றிச் சேருடன் கதைக்கவேண்டும். அவருக்கு எழுத முதல் உன்னிடம் கேட்கிறேன். உனக்குச் சரியா?

ரேச்சல்


வெள்ளவத்தை
24.02.2025

ரேச்சல் அக்கா,

உங்கடை கடிதத்தை வாசிச்சு சேவல் கூவினது வரைக்கும் சிரிச்சன். கடைசிக்கு வந்து இருந்திட்டன்.

நேரை சொல்லவேணும் எண்டு வைச்சிருந்த விசயம் இது. நீங்கள் சேருக்கு எழுத முதல் நான் எழுதவேணும்.

ஒக்ரோபரிலை ஒருநாள் ஒத்திகை முடிய சேர் என்னைக் கூப்பிட்டவர். "ஆறு மாதத்திலை சரிவரும் எண்டு டொக்டர் சொன்னதா ரேச்சல் எழுதியிருக்கிறா. நான் மே வரைக்கும் காத்திருக்க யோசிக்கிறன். நீர் யாழ்ப்பாணம் போய்ப் பாத்தனீர்தானே? உமக்கு என்ன தெரியுது?"

நான் சொன்னன், "டொக்டர் ஆறுதலுக்குச் சொன்னது சேர். முந்தி மாதிரி வராது."

டொக்டர் அப்பிடிச் சொல்லேல்லை. நீங்களும் சொல்லேல்லை. செப்ரெம்பரிலை உங்கடை முகத்தைப் பாத்து நான் பயந்தது உண்மை. ஆனால் பயத்திலை சொல்லேல்லை. அவர் கேட்ட உடனை எனக்கு அந்தக் கதிரைதான் தெரிஞ்சது. ஒரு நிமிசம். அந்த ஒரு நிமிசத்துக்குள்ளை வாய் திறந்திட்டுது.

உங்களுக்குக் கோர் ஆங்லேயை அனுப்பவேணும் எண்ட யோசனை அதுக்குப் பிறகுதான் வந்தது. நல்ல மனசாலை அனுப்பினனோ, கள்ள மனசாலை அனுப்பினனோ, எனக்குத் தெரியேல்லை. ரெண்டையும் ஒரே பெட்டிக்குள்ளை வைச்சுத்தான் அனுப்பியிருக்கிறன்.

அவர் காத்திருக்கேல்லை, உன்ரை பிழை இல்லை எண்டு எழுதினியளே. அந்தக் கடிதத்தை வைச்சிருக்க ஏலாமல் கிழிச்சிட்டன்.

நிஷானி


மானிப்பாய்
01.03.2025

நிஷானி,

எனக்கு எழுதியதை அப்படியே போய்ச் சேரிடம் சொல். கடிதம் எழுதாதே. வாயால் சொன்னதை வாயால் மாற்று.

ரேச்சல்


வெள்ளவத்தை
08.03.2025

ரேச்சல் அக்கா,

சொல்லிட்டன்.

சேர் நோட்டுத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தவர். அடுக்கி முடியும் வரைக்கும் என்னைப் பாக்கேல்லை. பிறகு சொன்னார், "நான் ரேச்சலின்ரை சிநேகிதியைத்தான் கேட்டனான். எனக்குப் பதில் சொன்னது ரெண்டாவது ஓபோ எண்டு விளங்காமல் போச்சு. அது என்ரை பிழையும்தான்."

கதிரையை ரேச்சல் அக்காவுக்கே திருப்பிக் குடுங்கோ எண்டு நான் கேட்டன். "அது உம்மடை கையிலை இல்லை, இப்ப என்ரை கையிலும் இல்லை" எண்டார். மார்ச் 29, சனி, காலை பத்து மணிக்கு அந்தக் கதிரைக்குத் தெரிவு. திரைக்குப் பின்னாலை வாசிக்கவேணும். பேர் இல்லை, இலக்கம் மட்டும். செருப்பையும் கழட்டவேணுமாம், நடை தெரியக்கூடாதெண்டு. வாசிக்கிறது நீங்கள், நான், வெளியிலை இருந்து ஒருத்தர்.

நான் வாசிக்காமல் விடுறன் அக்கா. நீங்கள் வந்து இருங்கோ. அதுதான் சரி.

நிஷானி


மானிப்பாய்
15.03.2025

நிஷானி,

29ஆம் திகதி வருகிறேன்.

உனக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னை ஏசியிருந்தேன். ஒன்றில் மன்னித்திருந்தேன். மற்றதில் இரண்டும் இருந்தது, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். நீ மன்னிப்புக் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். நல்லது. கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லவேண்டி வந்திருக்கும்.

காலையில் ஓபோ, பின்னேரம் கோர் ஆங்லே. இப்போது இப்படித்தான் நாள் போகிறது. ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறும்போது ஒரு கால்மணித்தியாலம் இரண்டும் வராது. உதடு ஒரு இடத்தில், காது இன்னொரு இடத்தில். அந்தக் கால்மணித்தியாலத்தில் எனக்கு என்னைத் தெரிவதில்லை. அது பிடித்திருக்கிறது.

ஓபோவில் வாசிக்கும்போது, இது என் குரல் என்று எனக்கு எப்போதும் தெரியும். அதற்காகத்தான் அதைக் காதலித்தேன். கோர் ஆங்லேயில் வாசிக்கும்போது, யாருடைய குரல் என்ற கேள்வியே வருவதில்லை. ஓபோவில் நான் நிமிர்ந்து இருப்பேன். இதில் இருக்கிறேன், அவ்வளவுதான்.

இதை எழுதத் தயங்கினேன். எழுதினால் நீ செய்தது நல்லதுக்குத்தான் என்று ஆகிவிடுமோ என்று பயம். ஆகாது. நீ பொய் சொன்னாய். எனக்கு ஒரு வாத்தியம் பிடித்தது. முதலாவது உன்னுடையது, இரண்டாவது என்னுடையது. ஒன்றை வைத்து மற்றதை அடைக்க விடமாட்டேன்.

ஆகவே திரைக்குப் பின்னால் ஓபோதான் வாசிப்பேன். முதல் கதிரைக்கு. தோற்றால் கோர் ஆங்லே கேட்பேன். வென்றாலும் அதைத்தான் கேட்பேன். ஆனால் வென்ற பிறகு. ஒருத்தியைக் கொண்டுபோய் இருத்துகிற கதிரைக்கும், அவளே எழும்பிப் போய் இருக்கிற கதிரைக்கும் ஒரே நாலு கால்தான். வித்தியாசம் இருக்கிறவளுக்குத் தெரியும்.

நீ வாசிக்காமல் விடுவது நடக்காது. நீ விட்டால் நான் வென்றதாக ஆகாது. பிறகு நான் எதையும் கேட்க ஏலாது.

இரண்டு கிழமை இருக்கிறது. பழகு. மிஞ்சுகிற மூச்சை வெளியே விட இடம் பார்த்துக் குறித்து வை, முகம் சிவக்காது. எனக்காக ஒரு சுரத்தையாவது விட்டுக்கொடுத்தாய் என்றால், திரை இல்லை, மதில் கட்டினாலும் எனக்குக் கேட்கும்.

ரேச்சல்